உறையக் கூடாது

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுல பேச்சிராஜா கட்டுன பெட்டி வாடிப்போச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் போன் போட்டுச் சண்டைக்கு வந்தது கிடையாது. புனலூர் போனாலும் சரி, கொல்லம் போனாலும் சரி, பெட்டியைத் திறந்தா பிச்சிப்பூ மொட்டு மொட்டாவே கிடக்கும். மத்தவன் கட்டுனது செங்கோட்டை தாண்டுததுக்குள்ள வாயைப் பொளந்திரும். இதுல என்னலே சூட்சுமம்னு கேட்டா, "சூட்சுமமும் இல்ல, சுண்டைக்காயும் இல்ல. பூவுக்கு எப்பம் வேக்காடு எடுக்கும்னு தெரிஞ்சிருந்தாப் போதும்"னு சொல்லிட்டு அடுத்த பெட்டியை இழுத்துக்கிடுவான்.

அப்பேர்ப்பட்ட கைக்கு இப்படி ஒரு வினை வந்து சேரும்னா யாரைப் போய்க் கேக்கது? சங்கரநாராயணரைக் கேக்கலாம்னா அவரு பாதி சிவன், பாதி பெருமாள். இவரைக் கேட்டா அவரைக் கைகாட்டுவாரு, அவரைக் கேட்டா இவரைக் கைகாட்டுவாரு. வயித்தெரிச்சல் நமக்குத்தான்.

பேச்சிராஜாவுக்குச் சொந்த ஊரு பனவடலிசத்திரத்துக்குப் பக்கம். மானாவாரிக் காடு, வானம் பாத்தாத்தான் சோறு. எட்டாம் கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டு, சங்கரலிங்கம் அண்ணாச்சியோட கமிசன் கடைக்கு மூட்டை இறக்க வந்தவன்தான், இங்கனயே தங்கிட்டான். பூப்பெட்டிக்கு ஐஸ் வச்சு வச்சு விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கியே இருக்கும். ஆளு பேச்சுல கம்மி. ஆனா பெட்டியை எவனாவது வேன்ல தூக்கி எறிஞ்சான்னா அவன் ஏழு தலைமுறையையும் இழுத்து வச்சு ஏசுவான். "ஏலே, உள்ள உசுரு இருக்குலே, மெதுவா வையி"ம்பான். கேட்டுட்டு மார்க்கெட்டே சிரிக்கும்.

பொன்மணி அவனுக்குத் தாய்மாமன் மக, சிவகிரிக்காரி. முறைப்பொண்ணு வீட்டுல இருக்கையில வெளிய போய்ப் பொண்ணு தேடுதவனை நம்ம பக்கம் ஒரு மாதிரியாத்தான பாப்பாவ. சின்னதுல இருந்தே அத்தான் அத்தான்னு அவன் பின்னால திரிஞ்ச பிள்ளை. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தா உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பூ வாசம் அடிக்கும். "கேரளாக்காரிக்கெல்லாம் பெட்டி பெட்டியாக் கட்டி அனுப்புதிய, எனக்கு ஒரு முழம் கொண்டு வரத் துப்பில்ல"ன்னு அவ ஏசுவா. அவன் மடியில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவான். தினமும் அதே ஏச்சு, தினமும் அதே பொட்டலம். நல்லாத்தான் இருந்தாவ.

மொதப் பிள்ளை பையன். மூணு நாலு மாசத்துல நிக்க வேண்டிய கழுத்து ஆறு மாசம் ஆகியும் நிக்கலை, துவண்டு துவண்டு விழுந்துச்சு. சில பிள்ளைக்கு லேட்டாகும்னு சொன்னாவ. கோவில்ல இருந்து புத்துமண் கொண்டு வந்து குழைச்சுப் பூசுனாவ. கோமதியம்மனுக்கு நேந்துக்கிட்டாவ. ஒரு மழைக்குச் சளி பிடிச்சுது, இருமி வெளிய தள்ளக்கூட நெஞ்சுல பலம் இல்ல, போயிட்டான். அடுத்தது அபிதா. அவளுக்கும் கழுத்து நிக்கலை.

ஆனா அபிதா வேற மாதிரி. உடம்பு பூரா நனைஞ்ச துணியா கிடந்தாலும் கண்ணு மட்டும் வீடு முழுக்க ஓடி விளையாடும். அப்பன் வாசல்ல செருப்பைக் கழத்துத சத்தம் கேட்டாலே அந்தக் கண்ணு அங்கன திரும்பிரும். அதுக்காகவே அவன் செருப்பை வேணும்னே தட்டித் தட்டிக் கழத்துவான். அவளுக்கு ரெண்டு வயசு ஆகப் போற நேரத்துல பொன்மணிக்கு மறுபடியும் நாள் தள்ளிப் போச்சு. வேண்டாம் வேண்டாம்னு இருந்தும் தங்கிருச்சு. சந்தோசப்படவா அழவான்னு தெரியாம ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காமத் திரிஞ்சாவ.

மதுரையில ஒரு டாக்டரம்மாகிட்ட அபிதாவை முந்தியே காட்டி, ரத்தம் குடுத்து, ஜீன் டெஸ்ட் எடுத்திருந்தாவ. அந்த அம்மா நல்ல அம்மா. இவங்க ரெண்டு பேரை மட்டும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பொறுமையாச் சொன்னா. அபிதா ரத்தத்துல, அப்பன் குடுத்த பாதியிலயும் ஆத்தா குடுத்த பாதியிலயும், ஜீன்ல ஒரு எழுத்து மாறிக் கிடக்கு. அதே எழுத்து அப்பன்கிட்டயும் ஒரு பாதியில இருக்கு, ஆத்தாகிட்டயும் ஒரு பாதியில இருக்கு; அவங்களுக்கு மத்தப் பாதி நல்லா இருக்கு. ஆனா அந்த எழுத்துதான் நோவுக்குக் காரணமா, இல்ல அது பாட்டுக்குச் சும்மா கிடக்க மச்சம் மாதிரியான்னு உலகத்துல யாருக்கும் தெரியல. இதுக்கு முன்னால யார்கிட்டயும் பாத்தது இல்ல. காரணம் அதுதான்னு நிரூபணம் ஆயிட்டா, வயித்துல இருக்க பிள்ளைக்கும் அது இருக்கான்னு இப்பவே பாத்துச் சொல்லிரலாம். நிரூபணம் ஆகலைன்னா வயித்துப் பிள்ளையைப் பாத்தும் பிரயோசனம் இல்ல.

"அதுக்கு அபிதாவோட ரத்தத்துல இருந்து ஆர்.என்.ஏ. பிரிச்சு எடுக்கணும்"னு அந்த அம்மா சொன்னா.

பொன்மணிக்கு ஒண்ணும் விளங்கலை. திரும்பி வரையில பஸ்ல பேச்சிராஜா அவளுக்கு அவன் பாசையில விளக்குனான். "ஏலம் போடுதவரு கையில ஒரு சீட்டு இருக்குன்னு வையி. அதைப் பாத்துத்தான் அவரு வாய்விட்டுக் கூப்பிடுதாரு. சீட்டுல ஒரு எழுத்து தப்பா இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு. அதனால அவரு தப்பாக் கூப்பிடுதாரா, இல்ல சரியாத்தான் கூப்பிடுதாரான்னு அவரு குரலைக் கேட்டாத்தான தெரியும்? அந்தக் குரலுதான் ஆர்.என்.ஏ. சீட்டு அப்படியே கிடக்கும். குரலு கரைஞ்சு போயிரும். அதனால புது ரத்தமா, கெடாம, சட்டுனு கொண்டு வரணுமாம்."

"கொண்டு போயிருவியல்லா?"ன்னு கேட்டா பொன்மணி.

"எனக்கா தெரியாது கெடாமக் கொண்டு போக?"ன்னான் பேச்சிராஜா. அந்த நேரத்துல அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்துச்சு.

ரத்தத்தைக் கொண்டு போறதை விடப் பிள்ளையையே கொண்டு போறது நல்லதுன்னு, அபிதாவையே மதுரைக்குத் தூக்கிட்டுப் போறதாத்தான் பிறகு பேச்சு. அதுக்குள்ள அவளுக்குச் சளி கட்டிருச்சு. டவுனுக்குள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில சேத்து, மூக்குல ஆக்சிஜன் வச்சிருந்தாவ. இந்த நிலைமையில பஸ்லயோ கார்லயோ தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னுட்டாரு அங்கன உள்ள டாக்டரு. பொன்மணிக்கு மாசம் ஏறிக்கிட்டே போகுது, டெஸ்ட் முடிவு வரவும் நாள் பிடிக்கும், வயித்துப் பிள்ளையைப் பாக்கவும் ஒரு கெடு உண்டு. அதனால ரத்தத்தை மட்டும் இங்கன எடுத்து மதுரை லேப்புக்குக் கொண்டு போறதுன்னு முடிவாச்சு.

மதுரை லேப்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணுனா. பண்ணுன நேரம் எப்படிப்பட்ட நேரம்னா, மார்க்கெட்டுல மல்லிகை ஏலம் உச்சத்துல நிக்குத நேரம். பக்கத்துல நிக்கவன் இருமுனாக்கூடக் கேக்காது. பேச்சிராஜா ஒரு காதைப் பொத்திக்கிட்டு இன்னொரு காதுல போனை அமுக்கிக்கிட்டு நின்னான். அந்தம்மா படிச்ச தமிழ்ல பதவிசாப் பேசுனா. "சார், தெர்மாகோல் பாக்ஸ்ல கூலா வச்சுக் கொண்டு வாங்க. ஆனா ரத்தம் உறைஞ்சிடக் கூடாது, ரொம்ப முக்கியம். உறைஞ்சிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த "ஆனா" மல்லிகை ஏலத்துல போயிருச்சு. மிச்சம் மட்டும் அவன் காதுல ஏறுச்சு. உறையக் கூடாது, அதுக்காகக் கூலா வைக்கணும்.

அந்தம்மா சொன்னது தண்ணி உறைஞ்சு கட்டியாகுதே, அந்த உறையதை. நம்மாளுக்கு அந்த அர்த்தம் எங்க இருந்து வரும்? ஐஸ் ஆயிருச்சு, கட்டியாயிருச்சுன்னுதான அவன் வாயில வரும். உறையதுன்னா வீட்டுல பொன்மணி பாலைக் காய்ச்சி ஆத்தி மோர் ஊத்தி வைக்காளே, அதுதான். வெயில் காலத்துல பாலு ஒரு பொழுதுல உறைஞ்சிரும், குளிர்ல வச்சா லேசுல உறையாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச கணக்கு. ரத்தமும் அப்படித்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டான். அவனை எப்படிக் குத்தம் சொல்ல? அந்தம்மாவையும் சொல்ல முடியாது. தமிழுக்கு ஒரே ஒரு சொல்லு பஞ்சமாப் போச்சு, அதுல வந்து மாட்டிக்கிட்டாவ ரெண்டு பேரும்.

ஆஸ்பத்திரியை ஒட்டி இருக்க லேப்ல ரத்தம் எடுக்கது ரசீதா. கை பதமான பொம்பளை, பிள்ளை கட்டிலுக்கே வந்தா. அபிதாவுக்கு நரம்பு கிடைக்காது, தேடித் தேடித்தான் எடுக்கணும். பொன்மணி பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டா. எப்பவும் அவதான் பிடிப்பா, வேற யாரையும் விட மாட்டா. ரெண்டு சின்னக் குழாய் நிரம்புததுக்குள்ள பேச்சிராஜாவுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. ரசீதா குழாயை மூடி மெதுவாக் கவுத்துக் கவுத்து எடுத்தா.

"அது எதுக்குக்கா?"ன்னு கேட்டான்.

"உறைஞ்சிரக் கூடாதுல்லா அண்ணாச்சி, அதுக்குத்தான். உள்ள மருந்து இருக்கு, அதோட கலக்கணும்."

போன்ல கேட்ட அதே சொல்லு. அவனுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீந்து போச்சு. "மதுரை போறதுக்குள்ள உறைஞ்சிராதே?"

"உறையாது. வெயில் படாம, குளிர்ல வச்சுக் கொண்டு போங்க"ன்னா ரசீதா. அவ சொன்னதும் சரிதான்.

அக்னி நட்சத்திரம் பொறக்கப் போற வெயிலு. பஸ்ஸோ தகரக் கொட்டகையா கொதிக்கும். வெறும் ஐஸ் தாங்குமான்னு அவனுக்கு ஒரு கவலை. மார்க்கெட்டு முக்குல மீன் வண்டி போடுத மூக்காண்டியைப் போய்ப் பாத்தான். மீன்காரனுக்குத் தெரியாத குளிரா? "கல்லுப்பை ரெண்டு கை அள்ளிப் போடும் வே. குளிரு கொடூரமா நிக்கும்"னு சொல்லி மூக்காண்டியே உப்பையும் குடுத்தான். பேச்சிராஜா ஐஸை நொறுக்கி, உப்பைப் பிசறி, பாலிதீன் பையில கட்டுனான். குழாய்ல ஐஸ் நேராப் படக் கூடாதுன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்ல, பூவுக்கும் அதே பக்குவம்தான். ஈரப் பேப்பர்ல சுத்தி, நாலு பக்கமும் ஐஸ் பையை அடுக்கி, பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்தே பெட்டியைக் கட்டுனான்.

டேப்பை இழுக்கையில சர்ருனு ஒரு சத்தம் வரும்லா, அதைக் கேட்டு அபிதா சிரிச்சா. நாலஞ்சு நாளாச் சிரிக்காத பிள்ளை. மூக்குல ஆக்சிஜன் குழாயோடயே வாயைக் கோணிக்கிட்டு ஒரு சிரிப்பு. அவன் தேவையே இல்லாம இன்னும் ரெண்டு சுத்துச் சுத்துனான். "போதும் அத்தான், பஸ்ஸை விட்டுராதிய"ன்னு பொன்மணி விரட்டுனா.

பஸ்ல பெட்டியைக் கீழ வைக்கலை. மடியிலயே வச்சுக்கிட்டு, ராஜபாளையம் தாண்டி, திருவில்லிபுத்தூர் தாண்டி, தொடை மரத்துப் போயும் அசையலை. கண்டக்டரு, "என்ன அண்ணாச்சி, பூவா?"ன்னு கேட்டாரு. "ஆமா"ன்னான். மதுரையை நெருங்கையில பெட்டி அடியில கையை வச்சுப் பாத்தான். சில்லுன்னு இருந்துச்சு. இந்த ஒரு காரியத்தையாவது பிள்ளைக்கு ஒழுங்காச் செஞ்சுட்டோம்னு நினைச்சான். பாவி மட்டை, கண்ணுல தண்ணி வந்துச்சாம் அவனுக்கு, சந்தோசத்துல.

லேப்ல போன்ல பேசுன அந்தம்மாவே வந்தா. கையில உறை மாட்டி, வாயை மூடி, கண்ணு மட்டும் தெரிஞ்சுது. டேப்பை அறுத்து, பேப்பரைப் பிரிச்சு, குழாயை வெளிய எடுத்தா. எடுத்தவ அப்படியே நின்னுட்டா. குழாயைச் சாய்ச்சுப் பாத்தா. உள்ள இருந்தது அசையலை. சேமியா ஐஸ் மாதிரி கெட்டியா நின்னுச்சு.

"உறைஞ்சிடுச்சே சார்"னா.

"இல்லம்மா, உறையலை"ன்னான் பேச்சிராஜா அவசரமா. "உறையவே விடலை. குளிருல கட்டியாத்தான் ஆயிருக்கு. வெளிய வச்சா இளகிரும், நீங்க வேணும்னா பாருங்க."

அந்தம்மா அவன் மூஞ்சியையே பாத்தா. சொல்லவா வேண்டாமான்னு அவளுக்குள்ள ஒரு தத்தளிப்பு. "நான் உறையக் கூடாதுன்னு சொன்னது இதைத்தான் சார்"னு கடைசியில சொன்னா.

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடிச்சுது. புரிஞ்சதும், "இளக வச்சாவது பாருங்கம்மா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தம்மா விட்டுறலை, முயற்சி பண்ணுனா. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவனை உக்கார வச்சுட்டு உள்ள போனா. வழக்கமா எப்படின்னா, ரத்தத்துல ஒரு மருந்தை ஊத்திச் சிவப்பணுவை எல்லாம் உடைச்சுக் கழிச்சிருவாவளாம். மெசின்ல வச்சுச் சுத்துனா வெள்ளையணு மட்டும் குழாய் அடியில ஒரு பொட்டாத் தங்கும். அந்தப் பொட்டுக்குள்ளதான் அவங்களுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. இருக்கும். கட்டியானா அந்த வெள்ளையும் சேந்துல்லா உடைஞ்சு போயிருது, உள்ள இருந்தது நாசமாப் போயிருது. மெசின் நின்னதும் அந்தம்மா குழாயை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. நன்னாரி சர்பத்து மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே சிவப்பு. அடியில பொட்டு இல்ல. திருப்பித் திருப்பிப் பாத்தா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அவனும் பாத்தான். அவளுக்கு முன்னாலயே அவனுக்குத் தெரிஞ்சு போச்சு.

வெளிய வந்து, "பரவாயில்ல சார். இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க. இந்த முறை நானே எங்க ஆளை அனுப்புறேன்"னா. தங்கமான மனசு. அவனுக்கு உசுரு திரும்புச்சு. ரசீதாவுக்குப் போன் போட்டான்.

ரசீதா எடுத்தா. பின்னால பொன்மணி குரலு கேட்டுச்சு. அது அழுகை மாதிரியும் இல்ல, பேச்சு மாதிரியும் இல்ல. "அண்ணாச்சி, நானே உங்களுக்குப் போடணும்னு இருந்தேன். இப்பத்தான் கொஞ்ச முன்னால..."ன்னு சொல்லி ரசீதாவும் உடைஞ்சுட்டா. சளி மூச்சை அடைச்சிருச்சு. இழுத்து வெளிய தள்ள அந்தப் பிஞ்சு நெஞ்சுல பலம் இல்ல.

அவன் போனைக் கையில வச்சுக்கிட்டு லேப் நடுவுல நின்னான். அந்தம்மாவுக்கு அவன் முகத்தைப் பாத்தே விளங்கிருச்சு. தண்ணி குடுத்தா. அவன் குடிக்கலை. அவ கையுறையைக் கழத்தி வச்சுட்டு, "இதைச் சொல்லக் கூடாது சார். சொல்லாம விட்டாலும் பின்னால என்னை நானே மன்னிக்க மாட்டேன். பிள்ளை ரத்தத்தை இப்பவே, உடனே எடுத்தா, ஒருவேளை பாக்கலாம். உங்க மனைவி சம்மதிச்சாத்தான்"னா.

எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது அந்த நிலைமை. செத்த பிள்ளை கையில ஊசி குத்தச் சொல்லி, பெத்தவகிட்டயே கேக்கணும். அவன் கேட்டான். போனைப் பொன்மணிகிட்டக் குடுக்கச் சொல்லிக் கேட்டான்.

"எதுக்கு?"ன்னு கேட்டா பொன்மணி. "அதான் கொண்டு போனியளே."

"அது கெட்டுப் போச்சுட்டி."

ஆஸ்பத்திரி பேன் ஓடுத சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"வயித்துல இருக்கதுக்காகத்தான் கேக்கேன்"னான்.

"ரசீதாக்காகிட்ட எடுக்கச் சொல்லுதேன்"னா அவ. "கையை நான் பிடிச்சுக்கிடுதேன்."

போனை வைக்காமலே இருந்தான். அங்கன ரசீதா அழுதுக்கிட்டே தேடுனா. இந்தக் கையில பாத்தா, அந்தக் கையில பாத்தா, கால்ல பாத்தா. உசுரோட இருக்கையிலேயே கிடைக்காத நரம்பு. "போதும்க்கா, இன்னொரு இடம் மட்டும் பாருங்க"ன்னு பொன்மணி சொல்லுதது கேட்டுச்சு. போதும்னும் சொல்லுதா, பாருங்கன்னும் சொல்லுதா. கடைசியில ரசீதா போனை எடுத்து, "வரலை அண்ணாச்சி. நீங்க கிளம்பி வாங்க, பிள்ளையைப் பாக்க வாங்க"ன்னா.

மார்க்கெட்டு அன்னைக்குச் சாயங்காலம் அவன் வீட்டு முன்னாலதான் நின்னுச்சு. சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒரு கூடைப் பிச்சியை அப்படியே தூக்கிட்டு வந்தாரு. அந்தச் சின்னக் குழிக்கு அவ்வளவு பூ தேவைப்படலை. மிச்சத்தை என்ன செய்யன்னு யாருக்கும் தெரியாமக் கூடை ஓரமாவே கிடந்துச்சு.

எல்லாரும் போன பிறகு பேச்சிராஜா பொன்மணிகிட்ட ஒண்ணு விடாமச் சொன்னான். போன்ல கேட்டது, ரசீதா சொன்னது, மூக்காண்டி உப்பு, அந்தம்மா சொன்ன அர்த்தம் எல்லாத்தையும் சொன்னான். அவ காறித் துப்புவான்னு நினைச்சான். துப்பியிருந்தா அவனுக்கு நல்லா இருந்திருக்கும்.

"உறையக் கூடாதுன்னு என்கிட்டச் சொல்லியிருந்தா நானும் ஐஸ்லதான் வச்சிருப்பேன் அத்தான்"னா அவ. அதைக் கேட்டுத்தான் அவன் சுவத்துல தலையை முட்டி முட்டி அழுதான்.

காரியம் கழிஞ்ச பிறகு ரெண்டு பேரும் மதுரைக்குப் போயி அந்த லேப்லயே வச்சுத் தங்கள் ரத்தத்தைக் குடுத்தாவ. வேற வழி இருந்தாப் பாப்போம்னு டாக்டரம்மாதான் வரச் சொல்லியிருந்தா. அதுல ஆர்.என்.ஏ. நல்லபடியா வந்துச்சு. வந்து என்ன? ரெண்டு பேருகிட்டயும் நல்ல பாதி ஒண்ணு இருக்குல்லா, அதோட குரலு கெட்ட பாதியோட குரலை அமுக்கிருச்சு. அபிதாகிட்டத்தான் ரெண்டு பாதியும் அதே எழுத்து, அவ ரத்தம்தான் பட்டுனு சொல்லியிருக்கும். "தெளிவாச் சொல்ல முடியல. நாலுல ஒண்ணு பயம் இருக்கு, மூணு பங்கு நல்லாவும் இருக்கலாம்"னு சொல்லிட்டு, என்ன செய்யணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்னுட்டா டாக்டரம்மா. சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாவ. கலைச்சிருன்னு பாதிப் பேரு, கடவுள் குடுத்ததுன்னு பாதிப் பேரு. கஷ்டப்படப் போறவன் ஒருத்தன், யோசனை சொல்லுதவன் ஒன்பது பேரு.

பொன்மணி ஒரே பேச்சாச் சொன்னா. "மூணு பங்கு நல்லா இருக்கும்னு சொல்லுதாவ. அந்தப் பிள்ளையை எப்படி நான் அழிப்பேன்?"

கார்த்திகையில பையன் பொறந்தான். கண்ணன்னு பேரு வச்சாவ. நல்ல நிறம், நல்ல அழுகை, பாலை முட்டி முட்டிக் குடிச்சான். மார்க்கெட்டுல எல்லாரும், "என்ன பேச்சி, பய என்ன செய்யுதான்?"னு கேப்பாவ. "நல்லா இருக்கான்"ம்பான். கேக்கதும் அதோட நின்னுரும், அவங்களுக்கும் அடுத்ததைக் கேக்கப் பயம். பேச்சிராஜா பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கையை அதோட பின்னங்கழுத்துல குடுத்தே தூக்குவான். பொறந்த பிள்ளைக்கு எல்லாரும் அப்படித்தான் குடுப்பாவ. மாசம் மூணானது, கையை எடுக்கலை. நாலானது, எடுக்கலை. எடுத்துட்டா தெரிஞ்சு போயிரும்னு பயம். பொன்மணியும் அப்படித்தான் தூக்குனா. குளிப்பாட்டையில, தொட்டில்ல போடையில, ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் கை மாத்தையில, நடுவுல ஒரு நொடிகூட அந்தக் கழுத்தைத் தனியா விடலை. அதைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டதும் இல்ல.

பங்குனி மாசம் ஒரு சாயங்காலம் அவன் கடையில இருந்து வந்து கை கால் கழுவி உக்காந்தான். பொன்மணி பிள்ளையைக் கொண்டு வந்து அவன் மடியில நிமித்தி வச்சா. அவன் கை தானாப் பின்னங்கழுத்துக்குப் போயிருச்சு.

"கையை எடுத்துப் பாருங்க அத்தான்."

"நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்குன்னே எத்தனை நாளு ஓட்டுவிய? எனக்கு முடியலை. எடுங்க."

அவன் பிள்ளை முகத்தைப் பாத்தான். பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைப் பாத்துக்கிட்டு இருந்தான். மெதுவா, ஒவ்வொரு விரலாக் கையை விலக்குனான்.

தலை துவண்டு பின்னால சாஞ்சுது.

கீழ விழுததுக்குள்ள பொன்மணி தன் உள்ளங்கையைக் கொண்டு போய் அண்டக் குடுத்துட்டா. பிள்ளை ஒண்ணும் அறியாமச் சிரிச்சான். அவ அழலை. பிள்ளைக்குப் பின்னால கையை வச்சபடியே அவனுக்குப் பக்கத்துல உக்காந்தா.

"சரி, இருக்கட்டும்"னா. "இருக்க வரைக்கும் ஆளு மாத்தி ஆளு கையைக் குடுத்து வச்சுக்கிடுவோம்."